ஜன்னலோர மேசை

"நர்ஸ் படிப்புன்னுதானே எங்க பையன் சொன்னான்?"

சோக் ஹானின் கையிலிருந்த இறால் கொழுக்கட்டை தட்டிலேயே விழுந்தது. உட்கார்ந்து முதல் வாய் வைப்பதற்குள் இப்படியா?

காதலன் விங் தோவின் பெற்றோரை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவன் வண்டி நிறுத்த இடம் தேடி மக்காவ் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். 'நீ மேலே போ. ஜன்னலோர மேசை. முறைச்சுக்கிட்டு இருக்கிறதுதான் எங்கம்மா' என்று செய்தி அனுப்பியிருந்தான். உணவகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நெருக்கியடித்து வந்தால், ஜன்னலோரம் ஒரு அம்மாள் கணவரோடு உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க பையன் பாக்கிற பொண்ணா?" என்று கேட்டார். "ஆமா ஆன்ட்டி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பயந்தாங்கொள்ளி! நர்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறான். சோக் ஹான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நர்ஸ் இல்ல ஆன்ட்டி. நான் யுனிவர்சிட்டியில கேசினோ மேனேஜ்மென்ட் படிக்கிறேன்."

அம்மாளின் கோப்பை அந்தரத்தில் நின்றது. கணவர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "ஹோட்டல் படிப்பு மாதிரிதானேம்மா? அப்படித்தானே?"

தலையாட்டியிருந்தால் போதும். அவளுக்கு ஆட்டத் தெரியவில்லை.

"ஹோட்டல் வேற அங்கிள். நாங்க சூதாட்டத்தைத்தான் படிக்கிறோம்."

"ஐயோ!" என்றார் அம்மாள். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

கைப்பேசி அதிர்ந்தது. விங் தோ. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

கொஞ்சம் தணிந்து பேசலாம் என்று, "சூதாட்டத்துக்கு அடிமையானவங்களை மீட்கிறதுக்கும் பாடம் இருக்கு ஆன்ட்டி" என்றாள்.

"நீங்களே கெடுப்பீங்க, நீங்களே வைத்தியமும் பாப்பீங்களா?"

"கணக்குதான் அதிகம். எந்த ஆட்டத்துல கேசினோவுக்கு எவ்வளவு மிஞ்சும்னு..."

கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ பாக்கரா சீட்டாட்டத்துல எந்தப் பக்கம் கட்டினா நல்லது?"

"உங்களுக்கு எதுக்கு அது?" அம்மாள் மெதுவாகத் திரும்பினார். "நாய்ப் பந்தயத்தை மூடிட்டாங்க, எல்லாத்தையும் விட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

"சும்மா... பொது அறிவுக்கு."

"சாயங்காலம் நடக்கப் போறேன்னு போறது அங்கேதானா?"

கணவர் கோழிக்கால் தட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மாளின் கோபம் மறுபடி சோக் ஹான் மேல் பாய்ந்தது.

"பாரு, நீ வந்து உட்கார்ந்த நேரம்! இந்தப் படிப்பை விட்டுட்டு நர்ஸ் படிப்புல சேரு. அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்."

"மாட்டேன்." சோக் ஹான் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எங்கம்மா இருபது வருஷமா கேசினோ மேசையில சீட்டுக் கலைச்சுப் போட்டுத்தான் என்னை வளர்த்தாங்க. இங்கே சாப்பிடுற பாதிப் பேருக்குச் சோறு அங்கேருந்துதான். கால் கடுக்க நிக்கிறது மட்டும் நாங்க, மேலே உட்கார வேற ஊர்க்காரங்களா? நான்தான் உட்காருவேன். உங்க பையனை விட்டாலும் விடுவேன் ஆன்ட்டி, படிப்பை விட மாட்டேன்."

எழுந்துவிட்டாள்.

கணவர் தலையைத் தூக்கினார். "கோவிச்சுக்காதேம்மா. ஒண்ணே ஒண்ணு. ஜெயிக்க வழியே இல்லையா?"

"கிடையாது அங்கிள். போகப் போகத் தோத்துதான் தீரணும். அப்படித்தான் ஆட்டத்தையே அமைக்கிறாங்க. அதைத்தான் நாலு வருஷம் படிக்கிறோம்."

அம்மாளின் முகம் மலர்ந்தது.

"இன்னொரு தடவை சொல்லு! அவர் காதுல விழற மாதிரி சொல்லு!"

"தோத்துதான் தீரணும்."

"முப்பது வருஷமா நான் கத்துறேன். கேட்டாரா?" அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "பையன் பொய் சொன்னான், நீ சொல்லல. நீதான் எங்க வீட்டுக்கு லாயக்கு."

சொல்லிக்கொண்டே தன் மாமியார் கொடுத்த, ஒரே கல்லில் குடைந்த பச்சை வளையலைக் கழற்றினார். அதற்குச் சமையல் எண்ணெய் தேவைப்பட்டது. அதே எண்ணெயோடு சோக் ஹானின் கையில் ஏற்றினார். எலும்பு நொறுங்கும்போல் வலித்து, உள்ளே போய் இறுகிக்கொண்டது.

"இனி கழறாது" என்றார் பெருமையாக. சோக் ஹானுக்குக் கண் கலங்கியது. வலியிலா, வென்ற மகிழ்ச்சியிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது தேநீர்க் கெண்டியோடு வந்த பரிமாறும் பெண் அம்மாளிடம் குனிந்தாள்.

"ஆன்ட்டி, உங்க பையன் அந்த நர்ஸ் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. இன்னும் ரெண்டு நாற்காலி போடட்டுமா?"

அவளுக்குப் பின்னால், கோடியிலிருந்த இன்னொரு ஜன்னலோர மேசையிலிருந்து விங் தோ கையாட்டிக்கொண்டிருந்தான்; பக்கத்தில் வேறொரு அம்மாள் முறைத்துக்கொண்டிருந்தார்.