புலிராஜாவின் மத்தியானச் சாப்பாடு

ஒரு காட்டில், கணினி வந்து இறங்கிய வருஷத்தில், செங்கனி என்றொரு கேளையாடு இருந்தது. புலிராஜாவின் அலுவலகத்தில் அதற்கு வேலை. காட்டு உயிர்கள் அத்தனையின் பேர், வயசு, எடை, ஓட்ட வேகம், தூங்கும் நேரம் எல்லாம் கணினிக்குள் ஒரு பெரிய அட்டவணையாகக் கிடந்தன. அதிலிருந்து வேண்டியதை எடுக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. ராஜா செங்கனியை வகுப்புக்கு அனுப்பினார்.

அங்கே அது கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். என்ன வேண்டும் என்பதற்கு 'செலக்ட்' போட வேண்டும். எந்த அட்டவணையிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்'. எப்படிப்பட்டது வேண்டும் என்று நிபந்தனை வைக்க 'வேர்'. செங்கனிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு ஆளை அது அதுவரை பார்த்ததே இல்லை.

திரும்பி வந்ததும் ராஜா கூப்பிட்டார். "கொழுத்ததாக, மெதுவாக ஓடுவதாக, பகலெல்லாம் தூங்குவதாக ஒன்று எடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு."

செங்கனி அப்படியே எழுதித் தட்டியது. ஒரே ஒரு பெயர் வந்தது.

"யாரது?"

"நீங்கள்தான், மகாராஜா."

ராஜா கொஞ்ச நேரம் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடையெல்லாம் பார்க்க வேண்டாம். என்னைத் தவிர யாரானாலும் சரி என்று மாற்று. நாளைக்குத் தட்டிக்கொள்ளலாம், இன்றைக்குப் பசியே போய்விட்டது."

'தவிர' என்று ஒரு வசதி இருக்கிற விஷயம் சாயங்காலத்துக்குள் காடெங்கும் பரவியது. கரடி தேனடையோடு வந்தது. "கரடி தவிர என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடேன், தங்கச்சி." காட்டெருமை இளம்புல்லோடு வந்தது. மான்கள் சங்கம் வைத்துக்கொண்டு வந்தன. காட்டுப்பன்றி, "நமக்குள் என்ன" என்று சும்மா வந்து, போகும்போது தேனில் பாதியை நக்கிவிட்டுப் போனது. எறும்புகளும் கரையான்களும்கூட வரிசையில் நின்றன. செங்கனி ஒருவரையும் விடாமல் எழுதிக் கொடுத்தது.

மறுநாள் ராஜா நல்ல பசியோடு வந்து உட்கார்ந்தார். "தட்டு."

தட்டியது. திரையில் ஒரு பெயர் மட்டும் வந்தது: செங்கனி.

ஊருக்கெல்லாம் எழுதியது, தனக்கு எழுத மறந்திருந்தது. இப்போது தன் பெயரையும் சேர்த்தால் திரை காலியாகிவிடும். வெறும் திரையைக் காட்டினால், எதிரே நிற்பதுதான் ராஜாவுக்குச் சாப்பாடு.

"என்ன வந்தது?" ராஜா எட்டிப் பார்க்க எழுந்தார்.

"விவரம் போதவில்லை, மகாராஜா. முழுசாக எடுத்துத் தருகிறேன்." 'வேர்' தொடங்கிக் கடைசி எழுத்துவரை மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தட்டியது.

காடே திரையில் கொட்டியது. முதலில் கரையான்கள்; ஒவ்வொன்றின் வயசு, எடை, ஓட்ட வேகம். அப்புறம் எறும்புகள். ராஜா மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு படித்தார். எறும்புகள் முடிவதற்குள் கண் சொக்கியது.

"இப்படியல்லவா வேலை செய்ய வேண்டும்" என்றார் கொட்டாவிக்கு நடுவே. செங்கனியைத் தலைமைத் தகவல் அதிகாரியாக்கிவிட்டுத் தூங்கப் போனார்.

எழுந்ததும் வழியில் எதிர்ப்பட்ட ஒன்றைப் பிடித்துத் தின்றார். அது யார் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அட்டவணையில் அதற்கு இன்றைக்கும் வருஷா வருஷம் வயசு ஏறிக்கொண்டிருக்கிறது.

நீதி: கேட்டதை மட்டும் கொடுத்தால் மாட்டிக்கொள்வாய், கேட்காததையும் சேர்த்துக் கொட்டு, பதவி உயர்வு கிடைக்கும்.