இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மச்சினா

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய என் ஒரே மச்சினனுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை உயிரோடு இருக்கும் உன் மாமா எழுதிக்கொண்டது. நான் நலம், உன் அக்கா நலம், மோட்டார் கடையும் நலம். நீ கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப் நலமா என்பதுதான் தெரியவில்லை. 'போன் பண்ணிக் கேக்கக் கூடாது மாமா, எங்க சிக்கினீங்களோ அதை அப்படியே எழுதி அனுப்புங்க' என்று கட்டளை போட்டாய். நாலாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவனை மறுபடி எடுக்க வைத்த புண்ணியம் உன்னைச் சேரட்டும்.

முதலில் உன் விஷயத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். யார் வேண்டுமானாலும் வலைப்பக்கம் கட்டிக்கொள்ள நீங்கள் சிலர் சேர்ந்து ஒரு சட்டகம் செய்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் தெரிகிற மாதிரி திறந்து வைத்து, காசு வாங்காமல் கொடுக்கிறீர்கள். (இதைக் கேட்டதிலிருந்து உன் அக்காவுக்கு உன் கல்யாணக் கவலை கூடிவிட்டது.) புதிதாக வருகிறவன் வாசலிலேயே மிரண்டு ஓடுகிறான் என்று நீ ஒரு வழிகாட்டி எழுதினாய். உங்கள் கூட்டத்துத் தாடிக்காரரோ, 'புரியாதவன் எதுக்கு வரணும்?' என்கிறார். ஒன்றுமே தெரியாத ஒரு ஆள் அதைப் படித்து, யார் துணையும் இல்லாமல் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தால் வழிகாட்டி உள்ளே, இல்லாவிட்டால் குப்பைக்கூடை. நாளைக் காலை முடிவு. ஒன்றுமே தெரியாத ஆள் என்றதும் உனக்கு என் முகம் ஞாபகம் வந்ததே, அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால், 'இது குப்பைக்குப் போனா நானும் அந்தக் கூட்டத்தை விட்டுப் போயிடுவேன்க்கா' என்று நீ சொன்னதாக உன் அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் மத்தியானமே கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே தகராறு. இலவசம் என்று சொல்லிவிட்டு எடுத்த எடுப்பில் டாலர் குறி போட்டிருக்கிறாயே! நானும் நம்பி அதையும் சேர்த்தே அடித்தேன். கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தாகக் கொட்டியது. உன் அக்கா, 'ஐயையோ, எதைங்க தொட்டீங்க?' என்று பிளக்கைப் பிடுங்கப் போக, அந்த லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போய் வெகுநாள் ஆகிறது, பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போச்சு என்று நான் பாய்ந்து அவள் கையைப் பிடிக்க, எதிர்க்கடைக்காரன் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கடைசியில் டாலரை விட்டுவிட்டு அடித்தேன், உள்ளே விட்டது. அடுத்து, 'உங்கள் பக்கத்துக்குப் பிடித்த பெயரை வையுங்கள்' என்று வந்தது. எனக்குப் பிடித்தது என்று கேட்டால் நான் என்ன செய்ய? உன் அக்காவை நான் செல்லமாகக் கூப்பிடுவேனே, சிடுமூஞ்சி, அதையே இங்கிலீஷ் எழுத்தில் தேடித் தேடிக் குத்தினேன். அவள் அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இது நமக்குள் இருக்கட்டும்.

பிறகுதான் வினை. 'சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று திரையில் ஒரு வரி வந்தது. நீ கொடுத்த தாளில், 'ஓடும்போது நிறுத்தாதீர்கள். பக்கம் வந்ததும் அடுத்த பகுதிக்குப் போங்கள்' என்று இருந்தது. எனக்கா தெரியாது? செப்புக்கம்பிக் காயில் சுற்றிய மோட்டாரைச் சோதனைக்கு ஓடவிட்டால், அது ஓடி நிற்கும்வரை கிட்டே விரலைக் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனவன் விரலை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அது ஓடியது. நாங்கள் பார்த்தோம். பக்கம் வரவில்லை. சலவைக்கடைக்காரர் வந்து, 'அண்ணே, என் மிஷின் மோட்டாரை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க' என்றார். 'இப்ப இங்க வேற ஒண்ணு ஓடுது' என்றேன். 'சத்தத்தையே காணோமே?' 'நல்லாச் சுத்தினா சத்தம் வராதுய்யா!' அவர் கோபத்தில் தானே சுவிட்ச் போர்டை நோக்கிப் போக, பியூஸ் போனால் உன் வாழ்க்கையும் போச்சு என்று உன் அக்கா போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். 'என் தம்பி பொழப்பு இதுல இருக்கு, இன்னிக்கு யாரும் எதையும் போடக் கூடாது!' மனிதர் மோட்டாரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். லேப்டாப் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு. அட்டையால் விசிறினோம்.

அந்த நேரம் பார்த்து நீயே போன் செய்தாய். 'கேக்கக் கூடாதது நீங்கதானே' என்று உன் அக்கா எடுத்தாள். 'என்னக்கா ஆச்சு?' 'இன்னும் ஓடிக்கிட்டே இருக்குடா' என்றாள். 'ஓடுதா? இது போதும்க்கா' என்று வைத்துவிட்டாய். 'பாவம், மனசு விட்டுப்போய் போதும்னுட்டான்ங்க' என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் அட்டையை லேப்டாப்பிலிருந்து அவள் பக்கம் திருப்பி விசிறினேன், பார்த்துக்கொள்.

பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் ஓடுகிறது. ஆகவே மச்சினா, தாடிக்காரரிடம் நீயே முந்திக்கொண்டு, 'வழிகாட்டி நல்லதுதான், எங்க மாமா மண்டைதான் மட்டம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள். என் மண்டையைத் தாராளமாகக் கொடுக்கிறேன், கூட்டத்தை மட்டும் விடாதே. வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கையால் சுற்றிய எதுவும் கருகாமல் ஓடட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா.

பின்குறிப்பு: மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிடு. கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வந்த உன் அக்கா, 'என் தம்பியை இப்படிப் பண்ணிட்டியே, சனியனே' என்று, அந்த 'ஓடிக்கொண்டிருக்கிறது' வரிக்குப் பக்கத்தில் நீலமாகக் கோடு போட்டிருந்த விலாசத்தில் அம்புக்குறியை வைத்து நறுக்கென்று ஒரு குத்து விட்டாள். வெள்ளை வெளேரென்று பக்கம் விரிந்தது. மத்தியானத்திலிருந்தே அது தயாராகத்தான் இருந்திருக்கிறது, நீ போனில் 'போதும்' என்றதும் அதனால்தான் போல. தானே திறக்கும் என்று நாங்கள் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறோம், தள்ள வேண்டும் என்று நீ எழுதவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்துவிடு: 'இது நிற்காது, காத்திருக்காதீர்கள், விலாசத்தைத் தட்டிப் போய்ப் பாருங்கள்.' அந்த டாலரையும் தூக்கிவிடு.

ஆனால் பக்கத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் வந்தது என்ன தெரியுமா? 'வணக்கம்! சிடுமூஞ்சி தயார்.' மோட்டார் கருகுமுன் ஒரு வாசனை வருமே, அது உன் அக்கா பக்கமிருந்து வந்தது. 'இதையா தாடிக்காரர் பாக்கப் போறாரு?' என்றாள். 'உன் தம்பிக்காகம்மா' என்றேன். என்னை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். இதுவரை துடைத்ததையும் அந்த ஒரு குத்தையும் தவிர லேப்டாப்பை வேறெதற்கும் தொடாதவள், உன் தாளில் 'வாழ்த்தை மாற்றுங்கள்' என்ற பகுதியைத் தானே வாசித்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிவிட்டாள். இப்போது அங்கே என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று என் கையால் எழுத மாட்டேன், படம் அனுப்பியிருக்கிறாள். தாடிக்காரரிடம் சாட்சிக்குக் காட்டு, உன் வழிகாட்டி ஜெயித்துவிட்டது. சத்தமாக மட்டும் வாசித்துவிடாதே.