உறைந்துபோன ஏழாம் அத்தியாயம்

அம்புக்குறி நகரவில்லை.

பதிவாளர் மௌஸை வலப்பக்கம் இழுத்தார், இடப்பக்கம் இழுத்தார், கடைசியில் அதைத் தூக்கிக் கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார். சிவப்பு விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மடிக்கணினித் திரையில், 'குடும்ப வரலாறு: இறுதிப் பிரதி' என்ற தலைப்பின் மேல் அம்புக்குறி ஆணி அடித்தாற்போல் நின்றது.

"என்னங்க, காபி ஆறுது" என்றார் மனைவி.

"ஆறட்டும். இது செத்துப் போச்சு."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

"நேத்து வரைக்கும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். மாப்பிள்ளை பேச்சைக் கேட்டுப் புதுசை ஏத்தினேன். எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும் மாமான்னார். தெரியத்தான் தெரியுது. அசைய மாட்டேங்குது."

அணைத்துப் போட்டார். ஐந்து நிமிடம் உயிரோடு இருந்தது. வரலாற்றைத் திறந்ததும் மறுபடி உறைந்தது. மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அதே இடம், அதே பிடிவாதம்.

மணி பத்து. மாலை நான்கு மணிக்கு, ஏழெட்டு ஊர்களில் சிதறிக் கிடக்கும் குடும்பத்தார் அறுபத்தொரு பேர் வீடியோவில் கூடப் போகிறார்கள். அவர்கள் முன்னால் அந்த வரலாற்றை அவர் வாசித்தாக வேண்டும். மூன்று வருட உழைப்பு. எட்டுத் தலைமுறை, இருநூற்றுப் பதினான்கு பக்கம்.

பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முப்பத்து நான்கு வருடம் உத்தியோகம் பார்த்தவர் அவர். பிறந்ததைப் பிறந்ததென்றும் இறந்ததை இறந்ததென்றும் எழுதிய கை. அடித்தல் திருத்தல் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் எல்லாருக்கும் அவர் பதிவாளர்தான். வரலாற்றையும் அப்படியேதான் எழுதியிருந்தார். ஆறு அத்தியாயங்கள் மறைந்தவர்களைப் பற்றியவை. ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு: 'வாழ்பவர்கள்: உள்ளது உள்ளபடி'. தேதி, கிழமை, சாட்சி உட்பட.

"அச்சடிச்சு ஒரு பிரதி வெச்சிருக்கலாம்ல?" என்றார் மனைவி.

"அச்சடிச்சா உன் தம்பி கையில முதல்ல போகும். படிச்சு முடிக்கறதுக்கு முன்னாலேயே சிரிப்பான்."

"அப்ப ஞாபகத்துல இருக்கறதைப் போன்லயே பேசிடுங்களேன்."

"ஞாபகம் சாட்சி ஆகாது" என்றார் பதிவாளர். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

தெருக்கோடியில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்துப் பொருள் எதுவும் பழுதென்று வெளியே போனதில்லை. அவருடைய அப்பா சரிசெய்த சுவர்க்கடிகாரம் கூடத்தில் இன்றும் ஓடுகிறது. எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்பது வேறு விஷயம். கையாலாகாதவன்தான் கடை வாசலில் நிற்பான் என்பது அப்பாவின் வாக்கு.

ஆகவே குடும்பத்தின் போன் குழுவில் ஒரு செய்தி போட்டார்: 'மடிக்கணினி உறைந்துவிட்டது. நான்கு மணிக்குள் சரியாக வேண்டும். ஆலோசனை தேவை. இப்படிக்கு, மூத்தவர்.'

போன பிறந்த நாளுக்கு அதே குழுவில் அவருக்கு வந்தது இரண்டு கட்டைவிரல். அதில் ஒன்று கை தவறி விழுந்ததென்று பிறகு தெரிந்தது. இன்றோ மூன்று நிமிடத்தில் நாற்பது பதில். போன் மேஜையில் துள்ளித் துள்ளி விளிம்புக்கே வந்துவிட்டது.

பதிவாளருக்குக் கண் கலங்கியது. "பாத்தியா? ஒண்ணுன்னா எப்படி ஓடி வர்றாங்க! இதுக்குப் பேர்தான் ரத்த பாசம்."

"ஆமாங்க" என்ற மனைவி, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

முதலில் அழைத்தவர் மைத்துனர்.

"அத்தான், இதெல்லாம் சப்ப மேட்டர். புது சிஸ்டம் போட்டா மெஷினுக்குக் களைப்பா இருக்கும். ஆன்லயே வெச்சுட்டு, கனமான போர்வையா ஒண்ணைப் போட்டு மூடிடுங்க. ஒரு மணி நேரம் தொடாதீங்க."

"போர்வையா?"

"வெளிச்சம் படக்கூடாது அத்தான். தானா சரியாகிடும்."

"நீ பன்னண்டாவதை மூணு தடவை எழுதினவன். உன் பேச்சைக் கேக்கலாமா?"

"அது... அதையும் எழுதியிருக்கீங்களா அத்தான்?"

"நாலாவது தடவை எழுதப் போறேன்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போனதையும் எழுதியிருக்கேன். எந்தத் தியேட்டர்னு அடிக்குறிப்புல இருக்கு."

"ரெண்டு போர்வையா போடுங்க அத்தான்" என்றார் மைத்துனர்.

ஒரு மணி நேரம் கழித்துப் போர்வைகளை விலக்கினார். உள்ளே மின்விசிறி விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது. அடிப்பாகத்தைத் தொட்டவர் விரலைக் காதுமடலில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது தம்பி மகன். பொறியாளர்.

"சூடு எப்படி இருக்கு பெரியப்பா?"

"இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு. சட்டையைக் கொடுத்தா தேச்சே கொடுத்துடும்."

"அப்ப குளிர வைக்கணும். ஃப்ரிட்ஜ்ல வைங்க."

"டேய், நீ இன்ஜினியர்தானே?"

"சிவில் இன்ஜினியர் பெரியப்பா. ஆனா கட்டடமும் சூடாகும், கம்ப்யூட்டரும் சூடாகும். தத்துவம் ஒண்ணுதான்."

தத்துவம் என்ற சொல்லுக்குப் பதிவாளர் எப்போதும் மரியாதை கொடுப்பவர். கடைத்தெருவிலிருந்து திரும்பியிருந்த மனைவி, பால் பாத்திரத்தை நகர்த்தி இடம் செய்தார்.

"ரெண்டு முட்டைக்கோசுக்கு நடுவுல சாத்தி வெச்சிருக்கேன். உருளாது."

எட்டுத் தலைமுறையும் முட்டைக்கோசுகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் இருந்தன. வெளியே எடுத்தபோது திரை முழுவதும் பனி. துடைக்கத் துடைக்க வியர்த்தது. விசைகளுக்கிடையே சொட்டுச் சொட்டாக நீர் கோத்து நின்றது.

"போன் தண்ணியில விழுந்தா அரிசியில போடுவாங்களாம்" என்றார் மனைவி. "லேப்டாப்பும் போனுக்கு அண்ணன் முறைதானே?"

பதிவாளருக்கு அந்த உறவுமுறை சரியாகப் பட்டது. அரிசி டிரம்மில் மடிக்கணினியைக் கழுத்து வரை புதைத்தார்கள். இருவரும் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பார்ப்பவர்களுக்கு, யாரையோ நல்லடக்கம் செய்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பது போலிருந்திருக்கும்.

"ஏங்க, என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டார்.

"உள்ளது உள்ளபடி."

"அப்படின்னா?"

"நாலு மணிக்கு எல்லாரோடவும் சேர்ந்து கேளு. வீட்டுக்காரிங்கறதுக்காக முன்னாலயே சொன்னா அது பாரபட்சம்."

மனைவி இன்னும் இரண்டு படி அரிசியை அள்ளி மேலே கொட்டினார்.

ஈரம் போனது. ஆனால் அரிசி உள்ளே போய்விட்டது. எந்த விசையைத் தட்டினாலும் 'கறுக்' என்றது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"கவலையே வேண்டாம் மாமா. விசையை எல்லாம் ஸ்பூன் காம்பால நெம்பிக் கழட்டுங்க. கவுத்துத் தட்டுங்க. அரிசி கொட்டிடும். மறுபடி அழுத்தினா உக்காந்துக்கும்."

"மாப்பிள்ளை, உங்களுக்கு வேலைக்கு நடுவுல தொந்தரவு..."

"உங்களுக்கு இல்லாத நேரமா மாமா? ஆமா, கல்யாணப் பேச்சப்ப நான் மேனேஜர்னு சொன்னேன்ல, அது..."

"அப்ப நீங்க உதவி மேனேஜர். மேனேஜர் ஆனது பதினாலு மாசம் கழிச்சு. நியமன உத்தரவு எண்ணோட குறிச்சிருக்கேன், கவலைப்படாதீங்க."

"எல்லா விசையையும் கழட்டுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஒண்ணு விடாம."

ஒன்று விடாமல் கழற்றினார். கவிழ்த்துத் தட்டியதில் ஒரு பிடி அரிசி கொட்டியது. பதிவாளர் முகத்தில் காலைக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதன் பிறகுதான் சாப்பாட்டு மேஜையில் பரவிக் கிடந்த விசைகளைப் பார்த்தார். எது எங்கே இருந்தது?

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். ஒரு படத்தைத் தேடிப் பார்த்து அதன்படி வைத்திருப்பார்கள். பதிவாளர் வேறு விதம். முப்பத்து நான்கு வருடம் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிய மனிதர். அந்த விசைப்பலகை அவருக்கு என்றுமே பிடித்ததில்லை. ஏ ஓர் ஓரத்தில், பி அடியில், இசட் அதற்கும் முன்னால். பொறுப்பில்லாத எவனோ மாலை வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அள்ளிப் போட்டுவிட்டுப் போன வரிசை என்பது அவர் முடிவு.

மேல் வரிசையில் ஏ முதல் ஜே வரை பத்து. நடு வரிசையில் கே முதல் எஸ் வரை ஒன்பது. கீழே டி முதல் இசட் வரை ஏழு. கச்சிதமாக உட்கார்ந்தன.

மனைவி எட்டிப் பார்த்தார். "முன்னாடி இப்படியா இருந்தது?"

"முன்னாடி தப்பா இருந்தது."

மின்சாரம் கொடுத்தார். மடிக்கணினி விழித்தது. திரை தெளிவாக வந்தது. மௌஸைத் தொட்டார், அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது! பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணி இரண்டரை.

"சரியாயிடுச்சா?" மனைவியின் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனந்தத்தில் அப்படியாகிவிட்டதென்று அவர் எண்ணிக்கொண்டார்.

"நம்ம குடும்பம் கை வெச்சா சரியாகாம இருக்குமா?"

கடவுச்சொல் கேட்டது. கொள்ளுத்தாத்தாவின் பெயர். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். திரையில் விழுந்ததெல்லாம் வெறும் புள்ளிகள். ஏ என்று தட்டினால் உள்ளே க்யூ போகிறது என்பதை அந்தப் புள்ளிகள் அவருக்குச் சொல்லவில்லை. 'தவறான கடவுச்சொல்' என்றது.

மறுபடி தட்டினார். தவறு.

"கொள்ளுத்தாத்தா பேரையே தப்புங்குது!"

இன்னும் அழுத்தித் தட்டினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தட்டினார். பிறகு எழுந்து நின்று தட்டினார். ஏழாவது முறை திரையில் ஒரு பூட்டுப் படம் வந்தது: 'இரண்டு மணி நேரம் கழித்து முயலவும்.'

மணி மூன்று. பூட்டு திறக்க ஐந்தாகும்.

அந்த நேரம் பார்த்து மைத்துனரின் அழைப்பு. "அத்தான், முடியலேன்னா வருத்தப்படாதீங்க. நேரம் வீணாகக் கூடாதுன்னு நான் பன்னண்டு பாட்டு தயார் பண்ணி வெச்சிருக்கேன். கரோக்கி. எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு."

பதிவாளரின் முதுகெலும்பு நேரானது. எட்டுத் தலைமுறை இருக்க வேண்டிய இடத்தில் கரோக்கியா? கடை வாசலில் நிற்பது ஓர் இழுக்கு. மைத்துனன் பாடுவதைக் கேட்பது அதைவிடப் பெரிய இழுக்கு. இரண்டையும் நிறுத்துப் பார்த்து எழுந்தார். சலவைச் சட்டை போட்டார். மடிக்கணினியை வெள்ளைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எங்கே போறீங்க?"

"கடைக்கு."

மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "நம்ம வீட்டுப் பொருளைக் கடைக்கா? உங்க அப்பா சொன்னது என்னாச்சு? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

மனைவிக்குக் குடும்ப கௌரவத்தில் இவ்வளவு பற்று இருப்பது அவருக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. "நீ சொல்றது நியாயம்தான். ஆனா இன்னைக்குப் பெரிய கௌரவத்துக்காகச் சின்ன கௌரவத்தை விட்டுக்கொடுக்கணும். தள்ளு."

தெருவில் எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார் அது, பேரனா?"

"வரலாறு" என்று சொல்லிவிட்டு நடையைப் போட்டார்.

கடை ஒரு கட்டில் போடுமளவு இடம். சுவர் முழுக்கத் திருகாணிப் பெட்டிகள். கவுண்டருக்குப் பின்னால் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண் சோல்டரிங் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து வெள்ளைத் துணி மூட்டையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நீங்கதான் பதிவாளரா?"

பதிவாளருக்கு உச்சி குளிர்ந்தது. தம் பெயர் இந்தச் சந்து வரை எட்டியிருக்கிறது!

"நானேதான். அஞ்சு மணி வரைக்கும் திறக்க மாட்டேன்னு பூட்டிக்கிச்சு. நாலு மணிக்குள்ள திறக்கணும்மா. எங்க வீட்டுப் பொருள் கடைப்படி ஏறினது இதுதான் முதல் தடவை. உள்ள இருக்கறது எட்டுத் தலைமுறையோட மானம்."

அந்தப் பெண் துணியைப் பிரித்தார். அகர வரிசையில் அணிவகுத்திருந்த விசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீலிலிருந்து ஓர் அரிசியை எடுத்துத் தட்டில் போட்டார். சோல்டரிங் கருவியை அணைத்துவிட்டு, நாசூக்காக மடிக்கணினியை மூடினார்.

"உங்களால முடியும்ல?" என்றார் பதிவாளர். "இதை சாதாரணமா நினைச்சுடாதீங்க. காலையிலேர்ந்து என் குடும்பமே ஒண்ணா சேர்ந்து இதுக்காகப் பாடுபடுது."

"தெரியும் சார்" என்றார் அந்தப் பெண். "காலையிலேர்ந்து பதினாலு பேர் போன் பண்ணிட்டாங்க, ஒரு அம்மா காய்கறிப் பையோட நேர்லயே வந்துட்டுப் போனாங்க, இது சரியாகணும்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான்."