அடிநாதம் தேடும் பேராசிரியர்

மாநாடுகளுக்குப் போகிறவர்களில் பல இனங்கள் உண்டு. சாப்பாட்டுக்காகப் போகிறவர், பையில் போட்டுத் தரும் பேனாவுக்காகப் போகிறவர், முன்வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்குகிறவர். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம். அமர்வு கட்டுகிறவர்.

நுகர்வோர் ஆய்வு என்று ஒரு துறை இருக்கிறது. மனிதர்கள் ஒரு பொருளை ஏன் வாங்குகிறார்கள், வாங்கிய பின் ஏன் பரணில் போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் துறை. அதன் மாநாட்டுக்குத் தனிக் கட்டுரையோடு போனால் மூலை அறைதான். நாலு கட்டுரைகளைச் சேர்த்து, நாலுக்கும் பொதுவாக ஒரு கருப்பொருளைக் காட்டி, அமர்வாக முன்மொழிந்தால் பெரிய அரங்கு கிடைக்கும். வாசலில் அமர்வுத் தலைவர் என்று முன்மொழிந்தவர் பெயரும் இருக்கும். நீங்களோ நானோ என்ன செய்வோம்? ஒன்றோடொன்று தொடர்புள்ள நாலு கட்டுரைகளைத் தேடுவோம். நம்மவர் முதலில் ஒரு சொல்லைப் பிடிப்பார். பிறகு கட்டுரைகளைப் பிடிப்பார்.

எதைக் கண்டாலும் அதன் அடிநாதத்தைத் தேடுவது அவர் வழக்கம். மச்சானுக்குக் கால் சுளுக்கி, மகளுக்குப் பல்வலி வந்து, அதே வாரம் லிஃப்டும் நின்றுபோனபோது மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று மனைவியிடம் கேட்டார்:

"இது எல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம் ஓடுது, கவனிச்சியா?"

"கவனிச்சேன். நீங்கதான்."

அது ஒப்புதல் என்றே அவர் காதில் விழுந்தது.

இந்த வருடம் அவர் பிடித்த சொல் 'தயக்கம்'. பில் போடும் வரிசையில் நிற்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது, நிற்பது தயக்கம். ஷாம்பு பாட்டில் நிறத்தைப் பற்றி இன்னொன்று. வெளிர்நீலம் தயங்கும் நிறம். மூன்றாவது அவருடையதே. அது எந்தத் தலைப்பின் கீழும் சங்கடமில்லாமல் உட்காரும், வருடக்கணக்கில் பழகிய கட்டுரை. நாலாவதுக்கு, அதே துறையில் தற்காலிக வேலையில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் செருப்புக் கடைகளில் கால் வலிக்க நின்று, எதுவும் வாங்காமல் வெளியேறுகிறவர்களிடம் பேசிப் பேசி ஆய்வு செய்திருந்தாள். அவர்கள் தயங்கவே இல்லை என்பதுதான் அவள் கண்டது. வாங்குவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, குளிர்ந்த அறையில் கொஞ்சம் உட்கார, தங்கள் காலை யாராவது ஒருவர் பொறுமையாகப் பார்க்க, உள்ளே வந்தவர்கள். எனக்குச் சட்டென்று எதையும் பாராட்ட வராது. ஆனால் இது நல்ல கண்டுபிடிப்பு.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. தலைப்புல மட்டும் 'தயக்கம்'னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க," என்றார் நம்மவர்.

"அவங்க தயங்கலைன்னுதானே சார் எழுதியிருக்கேன்?"

"தயக்கம் இல்லாததும் ஒரு வகைத் தயக்கம்தானேம்மா."

"அப்போ பட்டினி கிடக்கிறதும் ஒரு வகைச் சாப்பாடா சார்?"

அவர் கோபப்படவில்லை. இந்த இனம் கோபப்படாது. "அருமை. பட்டினியை அடுத்த வருஷத் தலைப்புக்கு வச்சுக்கலாம்," என்றார். மாநாட்டில் பேசினால்தான் அவளுடைய வேலை நீடிக்கும் என்பதையும், தனிக் கட்டுரைகளுக்கான கெடு முடிந்துவிட்டது என்பதையும் அன்போடு நினைவூட்டினார். அவள் அந்த வார்த்தையைச் சேர்த்தாள்.

பெரிய அரங்கே கிடைத்தது. அவள் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, எல்லாம் கேட்டேன், தலைப்பில் இருக்கிற தயக்கம் கட்டுரையில் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். கேட்க வேண்டிய கேள்வி. உண்மையைச் சொன்னால் அமர்வு கவிழும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் செருப்புக் கடையில் பேசிய அத்தனை பேரும் பொய்யாகிப்போவார்கள். அவள் மைக்கைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

நம்மவர் மெதுவாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதோ பாருங்க. இதுதான் தயக்கம்."

அரங்கம் கைதட்டியது. பெரியவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் வேலை நீடித்தது. அவள் கண்டுபிடித்தது என்ன என்று மட்டும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். பேராசிரியர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைப்பு. போன வாரம் உங்கள் மகன் போனை எடுக்கவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் டீக்குப் போனபோது உங்களைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைப் படாரென்று சாத்தினார். மூன்றையும் ஒன்றாகக் கட்டி, 'எவனுக்கும் என்மேல் மரியாதை இல்லை' என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்களே? மகன் போனில் சார்ஜ் இல்லை. டீக்குப் போனவர்கள் நீங்கள் லீவு என்று நினைத்தார்கள். அந்தக் கேட்டுக்கு எண்ணெய் விட்டு வருடங்கள் ஆகின்றன.

தலைப்பு மட்டும்தான் உங்களுடையது.