டிபன் பாக்ஸ் மூடியும் அம்மாவின் பூப்போட்ட குடையும்

நாம் புத்திசாலி என்று நாமே நம்பத் தொடங்கும் வயது ஆபத்தானது. எனக்கு அது இருபத்து மூன்றில் வந்தது. காட்டாங்குளத்தூரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, செம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய நான்கு பேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். (நான்காவது ஆள் நான்தான்.) தொழிற்சாலையில் தயாராகும் பொருள்களில் உள்ள குறைகளைக் கேமரா வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

எனக்கு முதலில் கிடைத்தது முடிச்சூரில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தொழிற்சாலை. பெல்ட்டில் மூடிகள் வரிசையாக வரும். மூடி வந்ததை சென்சார் உணர்ந்ததும் மேலே உள்ள கேமரா படம் எடுக்கும். கீறலோ நெளிவோ இருந்தால் திரையில் சிவப்புக் கட்டம் போட்டு ‘ரிஜெக்ட்’ என்று காட்டும். உடனே ஓர் இரும்புக் கை அந்த மூடியைக் கூடைக்குள் தள்ளிவிடும். இரண்டு வாரம் சோதித்தோம்; ஒரு கீறல்கூடத் தப்பவில்லை. சோதித்ததெல்லாம் காலை வேளையில் என்பதை யாரும் யோசிக்கவில்லை. (யோசிக்க வேண்டியவள் நான்.)

முதலாளி நேரில் பார்த்துச் சம்மதித்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் என் வேலை நிரந்தரம். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர், ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்தார்.

பெல்ட் ஓடியது. முதல் மூடி ரிஜெக்ட். இரண்டாவதும் ரிஜெக்ட். பத்தே நிமிடத்தில் கூடை நிரம்பி, நல்ல மூடிகள் தரையில் உருண்டன.

“என்னம்மா, என் ஃபேக்டரில ஒரு நல்ல மூடிகூட இல்லையா?” என்று முதலாளி நிதானமாகக் கேட்டார்.

என் மேலதிகாரி பிரபு சார், லேப்டாப்பில் எதையோ தீவிரமாகத் தட்டுவதுபோல் நடித்தார்.

அங்கே பல வருடமாக மூடிகளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பவர் தேவகி அக்கா. அவர்தான் கூரையைக் காட்டினார். “மேல பாரு கண்ணு. ஷீட்டு ஒடைஞ்சிகீது. வெயிலு நேரா மூடி மேல அடிக்குது. உன் கேமரா அத்த கீறல்னு நெனச்சிகினு கீது.”

“இன்னொரு நாள் வெச்சுக்கலாமா சார்?” என்று பிரபு சார் இழுத்தார். நான் விடவில்லை. அம்மா சர்ச்சுக்கு எடுத்துப்போகும் பூப்போட்ட குடை என் பையில் இருந்தது. (கேட்காமல் எடுத்து வந்தது.) ஸ்டூலில் ஏறி, குடையை விரித்து வெயிலை மறைத்தேன். அடுத்த மூடி பாஸ். அதற்கடுத்தது ரிஜெக்ட், குடை ஓரத்து லேஸின் நிழல் மூடியில் விழுந்திருந்தது.

“அக்கா, கத்தரிக்கோல் இருக்கா? லேஸை வெட்டிடுங்க.”

“நல்ல கொடைம்மா.”

“பரவாயில்ல, வெட்டுங்கக்கா.”

சுற்றிலும் வெட்டினார். மூடிகள் பாஸாகத் தொடங்கின. வெயில் நகர, நானும் குடையோடு நகர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போனது.

“இந்தப் பொண்ணும் மெஷினோட சேர்ந்தா வருது?” என்று முதலாளி கேட்டார்.

“இப்போதைக்கு, சார்” என்றார் பிரபு சார்.

இல்லை என்று விளக்க நான் குனிந்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை நேராகக் கேமராவுக்குக் கீழே போய் நின்றது. மூடி வந்துவிட்டதாக சென்சார் முடிவுசெய்தது. பெரிய திரையில் என் பாஸ்போர்ட் சைஸ் முகம், அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், கீழே ‘ரிஜெக்ட்’. இரும்புக் கை தன் கடமையைச் செய்தது. அட்டை போன பக்கம் கயிறு இழுக்க, கயிறு போன பக்கம் நானும் போய், குடை சகிதம் மூடிக் குவியலில் விழுந்தேன். எழுந்த சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

“இத்த மட்டும் கரெக்டா புட்ச்சிகிச்சு” என்றார் தேவகி அக்கா.

முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் குடையை நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஸ்டூலில் ஏறினேன். “சார், இன்னும் இருபது மூடி பாக்கி இருக்கு.”

இருபதும் சரியாக வந்தன. கேமராவைச் சுற்றித் தகரக் கூண்டு அடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆர்டர் கிடைத்தது. என் வேலையும் நிரந்தரமானது.

இதையெல்லாம் என் தம்பி, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்தான். அன்று வந்த மாப்பிள்ளைதான் இன்று என் கணவர். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அவர் ஒரே வசனம்தான் சொல்வார்: “மெஷின் அன்னைக்கே சொல்லுச்சு. நான்தான் கேக்கல.”

லேஸ் போன குடைக்காக அம்மா என்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் என் கட்சி.

“அந்தக் கேமராவ, நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வாசல்ல வெச்சிருக்கணும் மாப்பிள்ளை” என்பார்.