துவக்குக்கு என்னத்துக்குத் தட்டு?

அறுபது வயசு முடியிறதுக்கு முன்னம் சொந்தமா ஒரு துவக்கு வாங்கிறதெண்டு முடிவெடுத்தன். சிரியாதேங்கோ. ஜேர்மனியிலை, கெல்சென்கிர்ச்சனிலை முப்பத்திநாலு வருசம். ஃபோர்க்லிஃப்ட் ஓடினன், வரி கட்டினன், குப்பையை நிறம் நிறமாப் பிரிச்சுப் போட்டன். பக்கத்து வீட்டு டீற்றர் எனக்குத் தலையாட்டிறதோடை சரி. அவர் தலைவரா இருக்கிற துவக்குச் சுடுற கிளப்பிலை சேந்தன். அடுத்த கிழமையே "விஜயரத்தினம்" எண்டு முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஊரிலை துவக்கு எப்பவும் மற்றவன்ர கையிலைதான் இருந்தது. அவன் கையைத் தூக்கெண்டாத் தூக்கினன், போவெண்டாப் போனன். சாகமுதல் ஒருக்கா அந்தப் பக்கம் நிண்டு பாக்க ஆசை. இதை மனுசிக்குச் சொல்லேல்லை. விளையாட்டெண்டு மட்டும் சொன்னன்.

நேசமலர் மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. நாலாம் நாள் வாய் திறந்தாள்.

"துவக்கை எங்கை வைக்கப் போறியள்?"

"சட்டப்படி இரும்புப் பெட்டி வாங்கோணும். இலக்கம் அமத்தித் திறக்கிறது."

"கள்ளர் தூக்கிக்கொண்டு போகேலாதோ?"

"நாலு பேர் சேந்தாலும் ஏலாது."

"அப்ப வாங்குங்கோ."

எனக்கே நம்பேலாமல் போச்சு. புஸ்பவதி அக்கா வீட்டை கள்ளர் பூந்து கலியாண நகை முழுக்க அள்ளிக்கொண்டு போன மாசம் அது. எங்கடை சனம் எல்லாம் அதையேதான் கதைச்சது. நான் மட்டும் துவக்கைப் பற்றி யோசிச்சுக்கொண்டிருந்தன்.

கடைக்கு அவளும் வந்தாள். பெரிய பெட்டியாப் பாத்து விரலை நீட்டினாள்.

"தட்டு இருக்கிறதா எடுங்கோ."

"துவக்குக்கு என்னத்துக்குத் தட்டு?"

"எண்ணெய்ப் போத்தல் வைக்க."

என்ன முன்யோசனை எண்டு நினைச்சு எனக்கு மனம் குளிர்ந்து போச்சு. பெட்டி வந்து, இலக்கமும் போட்டாச்சு.

"இலக்கம் என்ன?"

"சொல்லேலாது நேசம். சட்டப்படி அது ஒராளுக்குத்தான் தெரியலாம். கட்டின மனுசிக்கும் சொல்லக் கூடாது."

"ஓ," எண்டாள். கொஞ்சம் யோசிச்சு, "நல்ல சட்டம்," எண்டாள்.

துவக்கு சுவீடன் பட்டாளத்திலை இருந்த பழசு, என்ர அப்பாவுக்கும் மூத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிலை பழைய துவக்குகளுக்கெண்டு ஒரு போட்டி வைச்சவை. அதுக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையிலை துவாயை விரிச்சுப்போட்டு போல்ற்றைக் கழட்டினன். போல்ற் எண்டது குண்டை உள்ளை தள்ளிப் பூட்டுற கைபிடிச் சாமான். கழட்ட ரெண்டு நிமிசம்தான் பிடிச்சது. ஏழு துண்டு. வரிசையா வைச்சுத் துடைச்சன்.

"இஞ்சருங்கோ, பையிலை வெறும் போத்தல் நிறைஞ்சு கிடக்கு. சத்தமெண்டு ஏழு மணிக்குப் பிறகு தெருத் தொட்டியிலை போட விடாங்கள்."

"இப்ப மூண்டரைதானே?"

"பிறகு மறந்திடுவியள்."

போத்தலைத் தொட்டியிலை போட்டிட்டு வந்து பூட்டத் தொடங்கினன். ஊசி உள்ளை போச்சு, ஸ்பிறிங்கும் உள்ளை போச்சு. அந்த ஸ்பிறிங்கைப் பின்னாலை பிடிச்சு வைக்கிற பெருவிரல் அளவு துண்டைக் காணேல்லை. ஆறுதான் கிடந்தது.

"நேசம், இதிலை ஒண்டு இருந்தது."

"பாத்துக்கொள்ளச் சொல்லி என்னட்டைத் தந்தனீங்களோ?"

தந்தனான் எண்டா, துவக்கை வேறை ஆளிட்டை விட்டதெண்டு சட்டம் பிழைக்கும். இல்லையெண்டா நான்தான் பிழை. நிலத்திலை முழங்கால் குத்தித் தேடத் தொடங்கினன். அவளும் ரோச் லைற் எடுத்துக்கொண்டு வந்தாள். சோபாவை ரெண்டு பேருமா நகத்தினம். மகன் லவன் பள்ளிக்கூடம் போன காலத்திலை துலைச்ச மணிக்கூடு வந்தது. துண்டு வரேல்லை. ஒன்றரை மணித்தியாலம் அவள் தேடின தேடலைப் பாத்து எனக்கே பாவமாப் போச்சு.

கடைசியாத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். கோப்பைக்குப் பக்கத்திலை அந்தத் துண்டையும் வைச்சாள்.

"நான்தான் எடுத்தனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறினது. அவள் என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னாள்.

"நீங்கள் இதைப் பூட்டேக்கை ஒரு சத்தம் வரும். எனக்கு அது தெரியும். வவுனியாவிலை பஸ்ஸாலை எல்லாரையும் இறக்கி வரிசையா விட்டிட்டு ஒருத்தன் அப்பிடித்தான் துவக்கைப் பூட்டினவன். ஒண்டும் நடக்கேல்லை, பிறகு ஏறச் சொல்லிப்போட்டான். ஆனா நீங்கள் இந்தத் துவக்கைக் கொண்டந்த நாள் தொட்டு எனக்கு ஒழுங்கான நித்திரையில்லை."

நான் அந்தப் பக்கம் நிண்டு பாக்க ஆசைப்பட்டனான். அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு முன்னாலை யார் நிக்கிறதெண்டு யோசிக்கேல்லை. வெக்கமாக் கிடந்தது.

"குடுத்திடுவம் நேசம். கிளப்பிலை பொதுத் துவக்கு இருக்கு, எனக்கு அது காணும்."

"பூட்டாமல் குடுக்கேலாதே. நான் மிக்சியைப் போடுறன். அந்தச் சத்தத்துக்குள்ளை பூட்டுங்கோ."

குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத் தேங்காய் அரைச்சாள். ஸ்பிறிங் ரெண்டுதரம் கையை விட்டுப் பாய்ஞ்சது, ஒருக்கா வால்பக்கம் திரும்பிப்போய் போல்ற் துவக்குக்குள்ளை போக மாட்டனெண்டு நிண்டது. முக்கால் மணித்தியாலம். கடைசியிலை 'கிளிக்' எண்ட சத்தம் என்ர காதுக்கே கேக்கேல்லை. அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குச் சம்பல்தான்.

செவ்வாய்க்கிழமை டீற்றர் பத்திரங்களோடை வந்து துவக்கை வாங்கினார். பெட்டியையும் தரலாமோ எண்டு கேட்டார். நான் வாயெடுக்க முதல் நேசமலர் நல்ல டொச்சிலை, பெட்டி இஞ்சைதான் நிக்கும் எண்டாள். டீற்றரைக் கார் வரைக்கும் கொண்டே விட்டிட்டு மேலை ஏறி வந்தன். மனம் லேசாக் கிடந்தது. ஒரு மனுசியின்ர பயத்தைப் போக்க ஆசைப்பட்ட சாமானை விட்டுக்குடுத்தவன் எண்டு என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம்.

திறந்து விட்டிட்டுப் போன பெட்டி சாத்திக் கிடந்தது. அதின்ர விளக்கப் புத்தகம் அவளின்ர மடியிலை. அலுமாரியிலை சீலைக்கடியிலை கிடந்த நகைப்பெட்டிகளைக் காணேல்லை. தட்டு என்னத்துக்கெண்டு அப்பதான் விளங்கினது.

அந்தச் சத்தத்தின்ர கதை பொய்யில்லை. இண்டைக்கும் நம்பிறன். நகையின்ர கதையும் பொய்யில்லை, அவ்வளவுதான்.

என்ர கடவுச்சீட்டும் உள்ளை போயிட்டுதெண்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. போய் இலக்கத்தை அமத்தினன். பெட்டி மூண்டுதரம் கத்திச்சுது, திறக்கேல்லை.

"நேசம், இலக்கத்தை மாத்தினனீரோ?"

"ஓம்."

"என்ன இலக்கம்?"

"சொல்லேலாதப்பா. சட்டப்படி அது ஒராளுக்குத்தான் தெரியலாம்."