பெரிய சக்கரக் குழுவின் பொன்னான நடவடிக்கைகள்

"ஆஃப்செட்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று அண்ணன் ஒருநாள் என்னைக் கேட்டான்.

உலகில் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் தலையாயது இதுதான் என்பது என் பணிவான கருத்து. உயிர் எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்பதெல்லாம் இதற்கு அப்புறம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். "தெரியாது" என்று தலையாட்டினேன்.

தெரியும் என்பது வேறு விஷயம். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அதை வண்டியோடு சேர்த்து முறுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். அது குறையக் குறைய, சக்கரம் வண்டியை விட்டு வெளியே தள்ளி நிற்கும். அண்ணன் டயர் கடையிலிருந்து அள்ளிவந்த விளக்கத் தாள்களை வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் ஜீப் அம்மாவின் முழங்கால்களுக்காக வாங்கப்பட்டது. வீட்டிலிருந்து பெரிய சாலை வரை சந்து முழுக்கக் கல்லும் பள்ளமும். வாடகை வண்டிக்காரர்கள் சாலையிலேயே கும்பிடு போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மூட்டு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு அம்மாவைப் பார்த்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. தவறினால் இன்னும் மூன்று மாதம், இதே கால்கள்.

இப்படிப்பட்ட அற்ப உபயோகத்தில் வீணாகிக்கொண்டிருந்த வண்டியைக் காப்பாற்ற வந்தவர் அண்ணனின் நண்பர் கேப்டன். கப்பலிலோ ராணுவத்திலோ இருந்தவர் அல்ல. 'காடுமேடு வாகன நண்பர்கள்' சங்கத்தின் தலைவர், தொப்பியும் வைத்திருக்கிறார்.

"என்னடா டயரு இது? தையல் மெஷின் சக்கரம் மாதிரி!" என்றார்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே 'சக்கர ஆலோசனைக் குழு' உதயமானது. தலைவர் கேப்டன். செயலாளர் அண்ணன். நடவடிக்கைகளை எழுதும் 'குறிப்பாளர்' பதவி எனக்கு. வாயைத் திறக்க வேண்டியதில்லாத பதவி என்பதால் மனமுவந்து ஏற்றேன்.

ஆறு கூட்டங்கள் நடந்தன. சோபா முழுக்க வரைபடங்கள் பரப்பப்பட்டதால், அம்மா சமையலறை ஸ்டூலுக்கு 'மாற்றல்' செய்யப்பட்டாள்.

"முப்பத்தி மூணு இஞ்ச் போடலாமா?" என்றான் அண்ணன்.

"முப்பத்தஞ்சு."

"சந்துல போகுமாடா?"

"நீ சந்துக்கு வண்டி வச்சிருக்கியா, காட்டுக்கு வச்சிருக்கியா?"

அண்ணன் யோசித்தான். சந்துக்குத்தான் வைத்திருந்தான்.

"காட்டுக்கு," என்றான்.

"அப்படிச் சொல்லு! ஆஃப்செட்ட மைனஸ்ல போட்டா சக்கரம் ரெண்டு பக்கமும் வெளிய வந்து நிக்கும். எதிர்ல வர்றவனுக்குப் பாத்ததும் ஒரு மரியாதை வரும்."

எங்கள் சந்தில் எதிரே வருபவர்கள் பால்காரரும் பக்கத்து வீட்டு டீச்சரும். அவர்களுக்கும் யாராவது மரியாதை கற்றுத்தர வேண்டுமல்லவா?

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "வண்டி உசந்துடுமாடா? நான் எப்படி ஏறுறது?"

"மூணே இஞ்ச்தாம்மா. கம்பீரமா இருக்கும்."

"கம்பீரத்து மேல காலை எப்படிடா வைக்கிறது?"

"ஆன்ட்டிக்கு எப்பவும் தமாஷ்தான்!" என்று கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். உறுப்பினர் அல்லாதவரின் பேச்சு என்பதால் இது குறிப்பில் ஏறவில்லை.

பதிமூன்றாம் தேதி டயர் கடைக்காரரே வீட்டுக்கு வந்து, வாசலில் வைத்துச் சக்கரங்களை மாட்டினார். ஏறும் படியில் புது டயர் இடித்தது. எது முக்கியம் என்று குழு ஆராய்ந்து, படியைக் கழற்றியது. தீர்மானம் எண் பதினொன்று.

"சார், ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஒருதடவை பாத்துடுங்க. மட்கார்டுல உரசும்னு தோணுது," என்றார் கடைக்காரர்.

"நாங்க பாக்காத டயராண்ணே? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோ எடுக்கணும்," என்றார் கேப்டன்.

பதினேழு போட்டோக்கள். பதினேழிலும் சக்கரங்கள் நேராக, ஒழுக்கமாக நின்றன.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அதே எச்சரிக்கை விளக்கத் தாளிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை இரண்டாம் கூட்டத்தன்றே எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். என்ன செய்வது, குறிப்பாளர் குறுக்கே பேசுவது மரபல்ல.

பழைய டயர்களை என்ன செய்வது என்ற கவலையைக் கேப்டனே சுமந்துகொண்டார். அன்று மாலையே அவற்றைத் தன் ஜீப்பில் மாட்டிக்கொண்டார்.

பதினான்காம் தேதி காலை ஒன்பது மணி. அம்மா எக்ஸ்ரே ஃபைலோடு வாசலில் நின்றாள். ஜீப்பின் கதவு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"இரும்மா, முனை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏத்துறேன்," என்றான் அண்ணன்.

வண்டி புறப்பட்டது. நேராகப் போகிற வரையில் அதைப்போல் ஒரு வண்டி உண்டா! பால்காரர் சைக்கிளைச் சுவரோடு சுவராக ஒட்டிவைத்து மரியாதை செய்தார். சந்து வலப்பக்கம் வளையும் முனையில் அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். 'கர்ர்ர்' என்றது. பின்னால் எடுத்து, மறுபடி திருப்பினான். இன்னும் கம்பீரமாக, 'கர்ர்ர்ர்.' மட்கார்டின் விளிம்பு டயரைக் கடித்துக்கொண்டிருந்தது.

வளைந்து கொடுக்காதவர்கள் அருகிவரும் இக்காலத்தில் எங்கள் வீட்டு வண்டியாவது அப்படி இருந்தது.

அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. புது டயர் ஓடும் விழாவுக்கென்று கேப்டனும் வந்திருந்தார். தன் ஜீப்பைப் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார்.

"டேய், உன் வண்டிய உள்ள எடுத்துட்டு வாடா. அம்மாவுக்குப் பத்து மணிக்கு டாக்டரு," என்றான் அண்ணன்.

"இந்த ரோட்லயா? கல்லு தெறிச்சா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?" காடுமேடு சங்கத் தலைவர் பதறிப்போனார். "உன் பிரச்சினை ரொம்ப சிம்பிள்டா. பாடிய இன்னும் மூணு இஞ்ச் தூக்கிட்டா உரசவே உரசாது."

அண்ணனின் முகம் மலர்ந்தது. "அட, ஆமால்ல!"

"எழுதிக்கோ தங்கச்சி. தீர்மானம் பன்னெண்டு."

எழுதினேன். மணி ஒன்பது நாற்பது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தாள். சுவருக்கும் வெளியே தள்ளி நின்ற டயருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடமில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக நகர்த்தினாள். புது டயரின் கறுப்பு அவள் புடவையில் நீளமாக ஒட்டிக்கொண்டது.

"அம்மா, அஞ்சே நிமிஷம்மா. பேசிட்டிருக்கோம்ல?" என்றான் அண்ணன்.

அம்மா அவனைப் பார்த்தாள். கேப்டனைப் பார்த்தாள். கடைசியாக, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி ஒண்ணும் சொல்லலையே," என்றார் கேப்டன். "ஆட்சேபணை இல்லைன்னு போட்டுக்கோ."

அப்படியே போட்டேன். அதன் கீழே வருகைப் பதிவு: வந்திருந்தோர் மூவர். நல்ல நிலையிலுள்ள கால்கள் ஆறு.

நான் நிமிர்ந்தபோது அம்மா முனையில் திரும்பி, சுவரைப் பிடித்தபடி பெரிய சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.